பார்க்கில் ஸ்டார்ட் ஆகாத கார்: இன்ஹிபிட்டர் சுவிட்சைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

ஓட்டோ கியர் காரில் திறப்பைத் திருப்புகிறீர்கள். டேஷ்போர்ட் விளக்குகள் எரிகின்றன, ஹோர்ன் அடிக்கிறது, ஸ்டார்ட்டரிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கியர் லீவரைப் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு இழுத்துத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அல்லது லீவரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே திருப்பினால்தான் ஆகிறது. கொழும்பு கிராண்ட்பாஸில் உள்ள என் வயரிங் கடைக்கு இப்படி ஒரு கார் வந்தால், ஸ்டார்ட்டரைக் கழற்ற நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. இன்ஹிபிட்டர் சுவிட்சைத்தான் பார்ப்பேன்.

கியர்பெட்டியின் வெளிப்பக்கத்தில், லீவர் கேபிள் வந்து சேரும் தண்டின் மேல் பூட்டப்பட்டிருக்கும் உள்ளங்கை அளவான கறுப்புப் பெட்டி அது. டொயோட்டா கையேடுகளில் பார்க் நியூட்ரல் சுவிட்ச் என்றும், மிட்சுபிஷியில் இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்றும் இருக்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நியூட்ரல் சுவிட்ச் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அதற்கு மூன்று வேலைகள். லீவர் பார்க்கிலும் நியூட்ரலிலும் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போக விடுவது முதலாவது. ரிவர்ஸில் பின்னால் உள்ள வெள்ளை விளக்கை எரிய வைப்பது இரண்டாவது. எந்தக் கியரில் நிற்கிறோம் என்று கணினிக்கும் டேஷ்போர்டுக்கும் சொல்வது மூன்றாவது.

சோதனைக்குள் போக முன்னர் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சுவிட்ச் பழுதானால், ஸ்டார்ட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டி ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடும் பழக்கம் நமது நகரத்துக் கராஜ்களில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, கார் ஸ்டார்ட் ஆகும், வாடிக்கையாளரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அதன் பிறகு அந்தக் கார் டிரைவிலும் ஸ்டார்ட் ஆகும், ரிவர்ஸிலும் ஸ்டார்ட் ஆகும். வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை தன் கொரோலா 121ஐக் கொண்டுவந்தார். முன் பம்பரின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "தம்பி, திறப்பைத் திருப்பினேன், கார் தானாகப் பாய்ந்து கேற்றில் மோதிவிட்டது" என்றார். "டீச்சர், லீவர் எதில் இருந்தது?" என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. பற்றரித் தட்டைக் கழற்றியதும் வயர்க் கட்டுக்குள் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு ஒன்று கிடைத்தது. டேப்பை உரித்தேன். வெட்டிய இரண்டு வயர்களின் செம்பு நூல்கள் சோல்டர்கூட இல்லாமல் முறுக்கப்பட்டு, வெளிக்காற்றில் கறுத்துப் போயிருந்தன. அந்தக் கேற்றுக்கு வெளியே பேரப்பிள்ளைகள் விளையாடும் ஒழுங்கை இருக்கிறது. அங்கே ஒருவரும் நிற்காதது அதிர்ஷ்டம். மனிதரைக் காப்பாற்றுவதற்காகவே பூட்டிய ஒரு பாகத்தை ஐந்து நிமிடச் சோம்பலுக்காகச் செயலிழக்கச் செய்வதை என்னால் மன்னிக்க முடியாது. உங்கள் காரில் யாராவது இதைச் செய்ய முன்வந்தால் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். தேவைப்படுபவை ஒரு சாதாரண மல்டிமீற்றர், 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றும் அதற்கு நீளமான இரண்டு வயர்களும், 10ஆம் இலக்க ஸ்பேனர், கொன்டாக்ட் கிளீனர், ரயருக்கு அடைகொடுக்க இரண்டு கட்டைகள். மேடு பள்ளமில்லாத தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காருக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக் கூடாது. கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் வீட்டு வாசலே வீதியாக இருக்கும். அப்படியானால் இந்த வேலையை அங்கே செய்ய வேண்டாம்.

முதலில் குற்றம் வேறெங்கும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்துவிட்டுத் தொடருங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திறப்பை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். விளக்கு மங்கி 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் மின்சாரம் ஸ்டார்ட்டர் வரை போயிருக்கிறது, எனவே பற்றரி முனைகளையும் ஸ்டார்ட்டரையும் பாருங்கள். விளக்கு சற்றும் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் வழியில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. இன்ஹிபிட்டர் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, பியூஸ், திறப்புச் சுவிட்ச் ஆகிய நான்கும் அந்த வழியில்தான் இருக்கின்றன. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றி எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் இந்தச் சுவிட்சைத் தொட வேண்டாம். லீவர் பார்க்கிலிருந்து நகரவே மறுத்தால் அது பிரேக் சுவிட்ச் அல்லது லீவர்ப் பூட்டுச் சம்பந்தமான வேறு பழுது.

இந்த நால்வரில் இன்ஹிபிட்டரைத் தனியே பிரித்துக் காட்டுவது அதன் மற்ற இரண்டு வேலைகள். ரிவர்ஸ் லைட் விட்டுவிட்டு எரிவது, டேஷ்போர்டில் கியர் எழுத்து மறைவது அல்லது ஒரு கியர் தள்ளிக் காட்டுவது, ஓடும்போது கியர் மாறாமல் இழுப்பது, காரின் கணினியில் பதிந்த பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0705 அல்லது பி0706 என்று குறியீடு வருவது. ஸ்டார்ட் பிரச்சினையோடு இவற்றில் ஒன்றும் சேர்ந்து வந்தால் ரிலேயையும் திறப்புச் சுவிட்சையும் சந்தேகப்படத் தேவையில்லை.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரை ஓட விடாமலே உண்மையைச் சொல்லிவிடும். பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரில் செருகியிருக்கும் சிறிய வயரை இழுத்து எடுங்கள். பக்கத்தில் உள்ள தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், அதனால்தான் மைனஸை முதலில் கழற்றச் சொல்கிறேன். இழுத்த வயரின் நுனியில் பல்பின் ஒரு முனையையும், எஞ்சின் உடம்பில் சுத்தமான இரும்பில் மறுமுனையையும் இணையுங்கள். மைனஸை மீண்டும் பூட்டுங்கள். இப்போது ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கியரிலும் லீவரை வைத்துத் திறப்பை ஸ்டார்ட்டுக்குத் திருப்ப வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றாது, பல்ப் மட்டும் எரியும் அல்லது எரியாது. பார்க்கிலும் நியூட்ரலிலும் எரிய வேண்டும், மற்ற எதிலும் எரியக் கூடாது. ரிவர்ஸிலோ டிரைவிலோ எரிந்தால் ஒன்று சுவிட்ச் இடம் மாறியிருக்கிறது, அல்லது யாரோ வயரை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் சரிசெய்யும்வரை அந்தக் காரை ஓட்ட வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் ஸ்டார்ட் கட்டளை கணினி வழியாகப் போவதால் இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது.

பல்ப் எரியும் இடத்தில் லீவரை நிறுத்தி, அடுத்த கியருக்குத் தாண்டாமல் முன்னும் பின்னும் மெல்ல அழுத்திப் பாருங்கள். வேலையின் பாதித் தீர்ப்பு இங்கே கிடைத்துவிடும். பார்க்கில் எரிய லீவரைப் பின்பக்கம் சற்று இழுக்க வேண்டியிருக்கிறது, நியூட்ரலிலும் பின்பக்கம், ரிவர்ஸ் லைட் எரியவும் பின்பக்கம் என்று எல்லாக் கியரிலும் ஒரே திசையில் விலகியிருந்தால் சுவிட்சுக்குள்ளே மின்சாரத்தை இணைக்கும் கொன்டாக்ட் நன்றாக இருக்கிறது, இடம்தான் தவறியிருக்கிறது. சரிசெய்தால் போதும், புதிது வாங்க வேண்டாம். மற்றக் கியர்கள் எல்லாம் சரியாக இருந்து பார்க்கில் மட்டும் எரியவில்லை, அல்லது துடித்துத் துடித்து எரிகிறது என்றால், அந்த ஒரு கொன்டாக்ட் உள்ளே கருகிவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் அது சரிவராது.

இடம் தவறியிருக்கிறது என்று தெரிந்தாலும் சுவிட்சின் போல்டைத் தளர்த்த அவசரப்பட வேண்டாம். தவறியது கேபிளாகவும் இருக்கலாம். கேபிள் நுனியில் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தால், உங்கள் கையில் லீவர் பார்க்கில் இருக்கும், கியர்பெட்டி பார்க்கை முழுதாக எட்டியிருக்காது. அந்த நிலையில் சுவிட்சைத் திருப்பிச் சரிசெய்தால், குற்றமில்லாத ஒன்றைக் கெடுத்துக் குற்றமுள்ளதை மறைத்ததாகும். பிறகு ஒரு நாள் சரிவில் நிறுத்திய கார் உருளும்.

ஆகவே கேபிளை கியர்பெட்டிப் பக்கத்தில் கழற்றுங்கள். அங்குள்ள சிறிய லீவரைக் கையால் பார்க் பக்கத்துக்கு முழுதாகத் தள்ளி, அங்கிருந்து இரண்டு 'கிளிக்' திரும்பி வாருங்கள். முதல் கிளிக் ரிவர்ஸ், இரண்டாவது நியூட்ரல். உள்ளே இருக்கும் வில் தண்டைச் சரியான பள்ளத்தில் தானே உட்கார வைக்கும், அதைக் கையில் தெளிவாக உணரலாம். காருக்குள் உள்ள லீவரையும் நியூட்ரலில் வையுங்கள். இப்போது கேபிள் நுனி, இழுக்கவும் தள்ளவும் தேவையின்றி, அந்தச் சிறிய லீவரின் முளையில் போய் விழ வேண்டும். விழாவிட்டால் கேபிளின் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள், புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் பல்ப் பழையபடி விலகி எரிந்தால்தான் சுவிட்சின் முறை.

சுவிட்சை எட்டுவதற்கு முன்சில்லு இழுவைக் கார்களில் பெரும்பாலும் பற்றரியையும் அதன் தட்டையும், சிலவற்றில் காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்ற வேண்டும். டொயோட்டா ஹையேஸ் கேடிஎச் போன்ற வான்களில் கீழே போய்த்தான் செய்ய முடியும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போக வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

சுவிட்சில் செருகியிருக்கும் வயர்ச் சொக்கெட்டை விலக்கி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் மரைன் டிரைவ் ஓரமாக நிறுத்தும் கார்களில் ஊசிகளின் அடியில் பச்சைப் பூச்சு பிடித்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். கடற்காற்று அவ்வளவு தூரம் புகுந்துவிடுகிறது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நின்ற கார்களில் சேற்றுப் படிவம்கூடக் கிடைத்தது. சேவிஸ் நிலையத்தில் உயர் அழுத்தத் தண்ணீரால் எஞ்சினைக் கழுவுவதும் இதே பலனைத் தரும். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷால் தேய்த்து, காய விட்டு, சொக்கெட்டின் ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்கள் இத்துடனேயே குணமாகிவிடும்.

அடுத்து மீற்றர். பற்றரி மைனஸ் கழற்றியிருக்கட்டும். மீற்றரைத் தொடர்பு இருந்தால் சத்தமிடும் நிலையில் வைத்து, ஒரு கொப்பித் தாளில் கியர்களை மேலிருந்து கீழாகவும் ஊசிகளை இடமிருந்து வலமாகவும் எழுதி அட்டவணை போட்டு, ஒவ்வொரு கியரிலும் எந்த ஊசிகள் இணைகின்றன என்று குறியுங்கள். உங்கள் காருக்கான வயரிங் வரைபடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் சத்தமிடும் ஜோடி ஸ்டார்ட்டருக்குரியது. ரிவர்ஸில் மட்டும் சத்தமிடும் ஜோடி பின்விளக்குக்கு அல்லது கியர் எழுத்துக்குரியது. மற்றவை கணினிக்குப் போகும். மீற்றர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துவிட்டால், நல்ல கொன்டாக்ட் ஒரு ஓமுக்குக் கீழேதான் காட்டும். ஐந்து, இருபது என்று எண் தள்ளாடினால் கருகியிருக்கிறது. சில புதிய மொடல்களில் கொன்டாக்ட்டுக்குப் பதிலாக மின்னணு சென்சார் இருக்கும். அவற்றுக்கு இந்த அளவீடு பொருந்தாது, ஸ்கேனர்தான் வழி.

மீற்றர் நல்லது என்று சொன்னாலும் நான் ஸ்டார்ட்டர் ஜோடியை அத்துடன் விடுவதில்லை. மீற்றர் அனுப்பும் மின்சாரம் மிகச் சிறியது, மெல்லிய ஒரு நூலளவு தொடர்பு இருந்தாலே அதற்குப் போதும். பற்றரியிலிருந்து அந்த ஜோடி வழியாக 21 வாட் பல்பை எரியுங்கள். சுமார் 1.75 அம்பியர் போகும். நேரடியாகப் பற்றரியில் எரியும்போது உள்ள அதே வெளிச்சம் வர வேண்டும். செம்மஞ்சளாக மங்கினால் கொன்டாக்ட் முடிந்துவிட்டது. கணினிக்குப் போகும் சிறிய ஊசிகளில் இந்தப் பல்ப்பை ஒருபோதும் வைக்க வேண்டாம், அவை அந்தச் சுமைக்கு உரியவை அல்ல.

இனிச் சரிசெய்தல். முதல் வேலை, சுவிட்சும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் கூரான ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். எதுவும் சரிவராவிட்டால் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப அந்தக் கோடுதான் வழிகாட்டும். தண்டு நியூட்ரலில் இருக்கட்டும். இரண்டு போல்டுகளையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். சுவிட்ச் இரு பக்கமும் சில மில்லிமீற்றர் திரும்பும். டொயோட்டாவில் சுவிட்சின் முகத்தில் ஒரு நியூட்ரல் கோடு இருக்கும், தண்டைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். இரண்டும் நேராக வரும்வரை திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். நிசான் சன்னி எஃப்பி15 போன்றவற்றில் சுவிட்சிலும் தண்டின் லீவரிலும் துளைகள் இருக்கும், 4 மில்லிமீற்றர் ஊசி இரண்டையும் ஊடுருவ வேண்டும். 4 மில்லிமீற்றர் டிரில் பிட்டின் வழுவழுப்பான பின்பகுதி இதற்கு மிகப் பொருத்தம். மிட்சுபிஷி லான்சரிலும் லீவர் நுனித் துளையும் சுவிட்ச் விளிம்புத் துளையும் நேராக வர வேண்டும்.

அடையாளம் துருப்பிடித்து அழிந்திருந்தால் மீற்றரால் செய்யலாம். தண்டு நியூட்ரலில் இருக்க, ஸ்டார்ட்டர் ஜோடியில் மீற்றரை மாட்டி, சுவிட்சை ஒரு பக்கம் மெல்லத் திருப்புங்கள். சத்தம் நின்ற இடத்தில் கோடு போடுங்கள். மறுபக்கம் திருப்பி, நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே வைத்து இறுக்குங்கள். நடுவில் வைப்பது முக்கியம். சத்தம் தொடங்கும் ஓரத்திலேயே இறுக்கினால் இன்று வேலை செய்யும், எஞ்சின் அதிர்வில் சில வாரங்களில் பழைய கதை திரும்பும்.

இறுக்கும்போது கையை அடக்குங்கள். டொயோட்டாவில் பெரும்பாலும் 5.4 நியூட்டன் மீற்றர், மிட்சுபிஷியில் 11 அளவுதான் கேட்கிறார்கள். அலுமினியக் கூட்டில் புரி கழன்றால் பிறகு அது கியர்பெட்டி வேலை. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாதவர்கள் ஸ்பேனரின் தலைக்கு அருகில் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்கட்டும்.

சொக்கெட்டையும் கேபிளையும் பூட்டி, முதலில் செய்த பல்ப் சோதனையை எல்லாக் கியரிலும் மீண்டும் செய்யுங்கள். பார்க்கும் நியூட்ரலும் எரிந்தன என்று மகிழ்ந்து நிறுத்திவிட வேண்டாம், ரிவர்ஸிலும் டிரைவிலும் எரியவில்லை என்பதுதான் நாம் தேடும் விடை. பிறகு மைனஸைக் கழற்றி, ஸ்டார்ட்டர் வயரைச் செருகி, மைனஸைப் பூட்டி, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ரிவர்ஸ் லைட்டையும் டேஷ்போர்ட் எழுத்துகளையும் பாருங்கள். ஸ்கேனர் இருந்தால் பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள்.

கொன்டாக்ட் கருகிய சுவிட்சை மாற்றத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வரத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைப் பாதுகாத்தே கொழும்பு ஓடியது, இன்றும் இருபது வயதுக் கொரோலாக்கள் வீதியில் நிறைய உண்டு. பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் பாவித்த சுவிட்ச்கள் கிடைக்கும். போகும்போது உங்கள் பழைய சுவிட்சையும், அட்டவணை போட்ட தாளையும், மீற்றரையும் கொண்டு செல்லுங்கள். ஊசிகளின் எண்ணிக்கை, சொக்கெட்டின் வடிவம், தண்டு நுழையும் துளையின் தட்டைப் பக்கம், உடம்பில் பொறித்த இலக்கம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். நடுவளையத்தைத் திருப்பினால் மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருக்கக் கூடாது. கடை மேசையிலேயே ஒவ்வொரு நிலையிலும் அளந்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம், பக்கத்துக் கடைக்காரர் விடுவார். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.